கல்லணையிலிருந்து வேதாரண்யம் வரை: ஈனுலைப் பயணக் குறிப்புகள்

முதல் நாள்: திருச்சி – கல்லணை

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து கல்லணைக்கு டவுன் பஸ் உண்டு. சொந்த வண்டி என்றால் காவிரிக் கரையோரமாக நினைத்த இடத்தில் நின்று நின்று போகலாம். மேட்டூர் திறந்து தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர்ந்த பிறகு போவதே உத்தமம். ஷட்டர் மூடியிருக்கும் நாளில் போனால் மணலையும் கரிகாலன் சிலையையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பயணம் டெல்டாவில், பேச்சு ஈனுலை பற்றி. எரிக்கிற எரிபொருளைவிடக் கொஞ்சம் அதிகமாகவே புது எரிபொருளை உண்டாக்கித் தரும் அணு உலைக்குத்தான் ஈனுலை என்று பெயர். தமிழ்நாட்டில் அது இருப்பது கல்பாக்கத்தில், டெல்டாவுக்கு வெகு வடக்கே. ஆனால் அதன் சிக்கல்களைப் புரிந்துகொள்ள உதவும் சங்கதிகள் இந்த வழியெல்லாம் கிடக்கின்றன. "எரிபொருளைப் பெருக்கித் தரும் உலை இருக்கிறதென்றால் ஏன் ஊரெல்லாம் கட்டவில்லை?" என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இயற்பியலில் இல்லை, குழாயில் இருக்கிறது. குழாயிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

திறந்த ஷட்டருக்குக் கீழ்ப்புறம், தூண் முடிகிற இடத்தில் தண்ணீரைக் கவனியுங்கள். தூணின் இடப்பக்கம் ஒரு சுழி கழன்று போகும், அடுத்து வலப்பக்கம் ஒன்று, மறுபடி இடப்பக்கம். ஓடும் திரவத்தின் குறுக்கே எதை நட்டாலும் இப்படித்தான். ஒவ்வொரு சுழியும் கழலும்போது நட்ட பொருளை ஒரு பக்கமாக இழுத்துவிட்டுப் போகும். முழங்காலளவு ஓடும் வாய்க்காலில் 5 செ.மீ. தடிமனுள்ள மூங்கிலைச் செங்குத்தாகப் பிடித்தால் கை அதிர்வது இதனால்தான். (கல்லணையில் இறங்கிச் சோதிக்க வேண்டாம். அங்கே இழுப்பு அதிகம்.) நீரோட்டத்தின் வேகத்தை மூங்கிலின் விட்டத்தால் வகுத்து, 0.2 ஆல் பெருக்கினால் நொடிக்கு எத்தனை அதிர்வு என்று வந்துவிடும். நொடிக்கு 1 மீட்டர் வேகம் என்றால் 4 அதிர்வு.

ஜப்பானின் மோஞ்சு ஈனுலை இந்த அதிர்வில்தான் விழுந்தது. 280 மெகாவாட் உலை. 1994-ல் முதன்முதலில் தொடர்வினைக்கு (அணுப் பிளவு தானாகவே தொடரும் நிலைக்கு) வந்தது. உலையின் சூட்டை எடுத்துச் செல்லும் உருகிய சோடியம் ஓடும் குழாயின் வெப்பத்தை அளக்க, குழாய்ச் சுவரிலிருந்து உள்ளே நீட்டிய ஒரு எஃகு உறை, அதற்குள் வெப்பமானி. உறையின் அடிப்பாகம் தடிமன், நுனி மெலிசு, இரண்டும் சேருமிடத்தில் படி வெட்டியது போன்ற கூரான மடிப்பு. ஓட்டத்துக்குக் குறுக்கே உறை ஆடுமா என்று பார்த்தார்கள். ஓட்டத்தின் திசையிலேயே முன்னும் பின்னும் ஆடும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆடி ஆடி அந்த மடிப்பில் விரிசல் விட்டு 1995 டிசம்பர் 8-ஆம் தேதி நுனி முறிந்தது. உறை வழியே சுமார் 640 கிலோ சோடியம் வெளியே வந்து எரிந்தது. எரிபொருளைத் தொடாத இரண்டாம் சுற்றுச் சோடியம் என்பதால் கதிரியக்கம் கிடையாது. யாருக்கும் காயம்கூட இல்லை. ஆனால் உலையை நடத்தியவர்கள் விபத்து இடத்து வீடியோவை வெட்டி ஒட்டிக் காட்டியது வெளியில் வந்துவிட்டது. அப்புறம் 2010 மே வரை உலை ஓடவில்லை. ஓடத் தொடங்கிய அதே ஆண்டு ஆகஸ்டில், எரிபொருள் மாற்றும் 3 டன்னுக்கு மேல் எடையுள்ள கருவி உலைக்கலத்துக்குள் விழுந்து சிக்கிக்கொண்டது. 2016 டிசம்பரில் ஒரேயடியாக மூடிவிட முடிவெடுத்தார்கள். விரற்கடைத் தடிமன் உறை ஒன்று இத்தனையையும் ஆரம்பித்து வைத்தது.

இரண்டாம் நாள்: கல்லணை – திருவையாறு – கும்பகோணம்

கல்லணை–பூம்புகார் சாலை திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு போகிறது. பெரும்பகுதி ஆற்றை ஒட்டியே ஓடும் சாலை. அகலம் குறைவு, திருப்பம் அதிகம், எதிரே கரும்பு லாரி வந்தால் ஒதுங்கத்தான் வேண்டும். இன்றைக்குக் கணக்கு.

இயற்கையில் கிடைக்கும் யுரேனியம் 1 கிலோ எடுத்தால் அதில் எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 வெறும் 7 கிராம். மிச்சம் 993 கிராமும் யுரேனியம்-238. இன்று உலகில் ஓடும் சாதாரண உலைகள் பெரும்பாலும் அந்த 7 கிராமை நம்பித்தான் இருக்கின்றன. யுரேனியம்-238 ஒரு நியூட்ரானை விழுங்கினால் யுரேனியம்-239 ஆகும். சுமார் 23 நிமிட அரை ஆயுளில் (பாதி அணுக்கள் மாற ஆகும் நேரம்) நெப்டூனியம்-239 ஆகும். அது இரண்டேகால் நாளுக்குச் சற்று மேலான அரை ஆயுளில் புளுட்டோனியம்-239 ஆகும். புளுட்டோனியம் பிளவுபடும். வீணாகக் கிடந்த 993 கிராமும் இப்போது எரிபொருளாகிவிட்டது. தோரியத்துக்கும் இதே வழிதான்: தோரியம்-232 ஒரு நியூட்ரானை வாங்கி, புரோட்டாக்டினியம்-233 ஆகி, 27 நாள் அரை ஆயுளில் யுரேனியம்-233 ஆகும்.

ஆக, எல்லாம் நியூட்ரான் கையிருப்பைப் பொறுத்தது. எரிபொருள் அணு ஒன்று ஒரு நியூட்ரானை விழுங்கினால், சராசரியாக எத்தனை புது நியூட்ரான் வெளியே வருகிறது? ஒன்று தொடர்வினையை நடத்தப் போகும். இன்னொன்று, எரிந்துபோன அணுவுக்கு ஈடாக ஒரு புது அணுவை உண்டாக்கப் போகும். இந்த இரண்டும் போக மிஞ்சினால்தான் பெருக்கம். வெளியே கசிவது, எஃகு விழுங்குவது எல்லாமும் அந்த மிச்சத்திலிருந்தே போக வேண்டும். வேகம் குறைக்கப்பட்ட நியூட்ரானைப் புளுட்டோனியம்-239 விழுங்கும்போது, நான்கில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான தடவை அது பிளவுபடாமல் புளுட்டோனியம்-240 ஆகிவிடுகிறது. அதனால் கைக்கு வருவது சுமார் 2.1 மட்டுமே. மிச்சம் 0.1, அதைக் கசிவே தின்றுவிடும். வேகமான நியூட்ரான் என்றால் இந்த நஷ்டம் குறைந்து எண்ணிக்கை 2.4-ஐத் தாண்டுகிறது. இப்போது கையில் கொஞ்சம் நிற்கும். இந்தச் சின்ன வித்தியாசத்துக்காகத்தான் வேக ஈனுலை என்ற ஏற்பாடே. (யுரேனியம்-233 மட்டும் மெதுவான நியூட்ரானிலும் 2.3 வரை தரும். அமெரிக்காவின் ஷிப்பிங்போர்ட்டில் 1977 முதல் 1982 வரை தோரியம் வைத்து சாதாரண நீர் உலையிலேயே ஈன்று காட்டினார்கள். பெருக்கம் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான்.)

நியூட்ரான் வேகம் குறையக்கூடாது என்றால் தண்ணீர் பக்கத்திலேயே வரக்கூடாது. ஹைட்ரஜன் கருவின் எடை நியூட்ரானின் எடைதான். ஒரே மோதலில் சராசரியாகப் பாதி ஆற்றலைப் பறித்துவிடும். இன்னொரு தலைவலி: வேக நியூட்ரான் புளுட்டோனியத்தைப் பிளக்கும் வாய்ப்பு, மெதுவான நியூட்ரானோடு ஒப்பிட்டால் நூற்றுக்கணக்கான மடங்கு குறைவு. இதை ஈடுகட்ட எரிபொருளில் புளுட்டோனியத்தின் பங்கை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றி, உலையில் எரிபொருள் இருக்கும் நடுப்பகுதியை (அதையும் கரு என்றே சொல்வார்கள்) சின்னதாக நெருக்கிக் கட்ட வேண்டும்.

கல்பாக்கத்து 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையின் கரு அளவுகளைப் பார்த்தால் இந்த நெருக்கம் விளங்கும். எரிபொருள் ஊசி ஒவ்வொன்றும் 6.6 மி.மீ. தடிமன். ஒன்றையொன்று தொடாமலிருக்க ஊசி மேல் மெல்லிய கம்பியைச் சுருளாகச் சுற்றியிருக்கிறார்கள். இப்படி 217 ஊசி சேர்ந்தது ஒரு அறுகோணக் கட்டு. மொத்தம் 181 கட்டு. உள்வட்டத்தில் 85, அவற்றில் புளுட்டோனியம் ஆக்சைடு 21 சதவீதம். வெளிவட்டத்தில் 96, அவற்றில் 28 சதவீதம். வெளிவட்டத்தில் நியூட்ரான் கசிவு அதிகம் என்பதால் அங்கே சத்து கூடுதல். சுற்றிலும் யுரேனியம்-238 நிரம்பிய 120 போர்வைக் கட்டுகள். ஈனும் வேலையில் ஒரு பங்கு அங்கே. எரியும் பகுதியின் உயரம் 1 மீட்டர், அகலம் ஏறத்தாழ 2 மீட்டர். அந்த இடத்திலிருந்து 1,250 மெகாவாட் வெப்பம் வெளியே வந்தாக வேண்டும். இதற்கு வாகான திரவம் உருகிய சோடியம். அதைப் பற்றி வேதாரண்யத்தில் பேசுவோம்.

கட்டுப்பாட்டில் இரண்டு நுணுக்கம் உண்டு. பிளவுக்குப் பின் சற்றுத் தாமதமாக வரும் நியூட்ரான்கள்தான் ஓட்டுநருக்கு நேரம் தருபவை. யுரேனியம்-235-ல் அவை சுமார் 0.65 சதவீதம், புளுட்டோனியத்தில் சுமார் 0.2 சதவீதம். இரண்டாவது, பெரிய கருவின் நடுவே சோடியம் கொதித்து வெற்றிடம் விழுந்தால் வினை குறைவதற்குப் பதில் கூடும். இரண்டையும் கருவின் வடிவமைப்பிலும் கட்டுப்பாட்டுக் கோல்களிலும் சமாளிக்கலாம். ஆனால் பாதுகாப்பு ஆய்வுக் குழுக்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்வது இந்த இடத்தில்தான்.

நியூட்ரான் கணக்கு மெய்ப்பட்டு வெகுகாலம் ஆயிற்று. அமெரிக்காவின் ஐடஹோவில் இபிஆர்-1 என்ற சின்ன ஈனுலை 1951 டிசம்பர் 20 அன்று நான்கு பல்புகளை எரியவைத்தது. அணு உலையிலிருந்து பயன்படும் அளவுக்கு மின்சாரம் எடுத்தது அதுதான் முதல் தடவை. அதாவது, இன்று அரிதாக இருக்கும் இந்த ஜாதிதான் முதலில் உருப்படியாக விளக்கேற்றியது.

மூன்றாம் நாள்: ஆடுதுறை – குத்தாலம் – மயிலாடுதுறை

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை சாலையில் ஆடுதுறை. 1922-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான். குறுவை நாற்றங்கால் காலம். வழியெங்கும் விதைநெல் பேச்சு. ஈனுலையை விளங்கிக்கொள்ள விதைநெல்லைவிட நல்ல உவமை டெல்டாவில் கிடைக்காது. ஆனால் எங்கே ஒப்புமை முறிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குறுகிய வயது நெல்லுக்கு ஏக்கருக்கு 24 கிலோ விதை போதும். சுமாரான விளைச்சல் என்றாலும் 110 நாளில் 2,400 கிலோ, ஒன்று நூறாகிறது. ஈனுலைக்கும் விதை வேண்டும். முதல் கருவுக்கான புளுட்டோனியத்தை வேறு உலைகளிலிருந்து கொண்டுவந்துதான் தொடங்க முடியும். அங்கே ஒன்று ஒன்றேகால் ஆவதுகூட இல்லை. கல்பாக்கத்து முன்மாதிரி உலையின் பெருக்க விகிதம் ஏறத்தாழ 1.05.

மனக்கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 1 மெகாவாட் வெப்பம் ஒரு நாள் முழுக்க வர ஏறத்தாழ 1 கிராம் கன உலோகம் (யுரேனியம், புளுட்டோனியம்) பிளவுபட வேண்டும். 1,250 மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு ஒன்றேகால் கிலோ. அதில் 5 சதவீதம் லாபம் என்றால் 60 கிராம் சொச்சம். ஒருநாள்கூட நிற்காமல் ஓடினாலும் வருடத்துக்கு 20-லிருந்து 25 கிலோ. கருவில் இருக்கும் விதையோ சுமார் 2 டன். இன்னொரு உலைக்கு விதை சேர இந்தக் கணக்கில் எண்பது தொண்ணூறு வருஷம் ஆகும். அதனால்தான் ஆக்சைடை விட்டு உலோக எரிபொருளுக்குப் போக வேண்டும் என்கிறார்கள். ஆக்சைடில் உள்ள ஆக்சிஜன் நியூட்ரானின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவிடும். உலோகத்தில் அந்தத் தடை இல்லை, விகிதம் நன்றாக ஏறும். "எரிபொருளைப் பெருக்கும் உலை" என்ற விளம்பரத்தைக் கேட்டு, நாளைக்கே யுரேனியம் வாங்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆக்சைடு முன்மாதிரி, தொழில்நுட்பத்தைப் பழகிக்கொள்ளும் உலை. வேகமாகப் பெருக்கும் வேலை அதனுடையது அல்ல.

அந்த லாபமும் களஞ்சியத்தில் நெல்லாக வந்து சேர்வதில்லை. எரிந்த ஊசிக்குள்ளும் போர்வைக்குள்ளும் பொதிந்து கிடக்கும். கட்டை உலையிலிருந்து எடுத்து, ஒட்டியிருக்கும் சோடியத்தைக் கழுவி, வெப்பம் அடங்கும்வரை வைத்திருந்து, ஊசிகளைத் துண்டு துண்டாக நறுக்கி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, கரைப்பான் மூலம் புளுட்டோனியத்தையும் யுரேனியத்தையும் தனித்தனியே பிரித்து, மறுபடி ஆக்சைடாக்கி, வில்லையாக அழுத்திச் சுட்டு, ஊசிக்குள் அடைத்தால்தான் ஒரு சுற்று முடியும். சாதாரண உலையின் கழிவில் புளுட்டோனியம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவு. இங்கே இருபதுக்கு மேல். ஒரே தொட்டியில் கொஞ்சம் அதிகமாகச் சேர்ந்தால் அந்தத் தொட்டியிலேயே தொடர்வினை தொடங்கிவிடும். அதனால் தொட்டிகள் ஒல்லியாக, தட்டையாக, ஒன்றுக்கொன்று தள்ளித்தள்ளி இருக்கும். ஒரு தடவைக்கு எடுக்கும் அளவும் சிறிது. வேலை நடக்கும் அறைக்குள் ஆள் போக முடியாது; தடித்த சுவருக்கு இப்பாலிருந்து இயந்திரக் கைகளால் செய்வது. பழுதானால் சரிசெய்வதும் அந்தக் கைகளாலேயே. கல்பாக்கத்தில் கோரல் என்ற சின்ன ஆலை, அங்கேயே இருக்கும் சிறிய சோதனை ஈனுலையின் எரிபொருளைப் பல ஆண்டுகளாகப் பிரித்துப் பழகியிருக்கிறது. அடுத்த படியான செயல்விளக்க மறுசுழற்சி ஆலையை 2024 ஜனவரி 2-ல் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். விழா நடந்த ஊர் திருச்சி. உலை கட்டுவதில் காட்டிய அவசரத்தில் பாதியை இந்த மறுசுழற்சியில் காட்டியிருந்தாலே நாடுகள் பலவற்றின் ஈனுலைக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

ஆடுதுறையிலிருந்து கிழக்கே குத்தாலம். இங்கே மாநில மின்வாரியத்தின் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது, சுமார் 100 மெகாவாட். டெல்டாவில் மண்ணுக்கடியிலிருந்து எடுக்கும் வாயு. நிறுத்த வேண்டுமென்றால் வாயுக் குழாயின் வால்வை மூடுகிறார்கள், தீ அணைந்தது, வேலை முடிந்தது. அணு உலையில் அப்படி முடியாது. கல்பாக்கத்து ஈனுலையில் போரான் கார்பைடு கோல்கள் 9-ம், தனி வகையாக இன்னொரு 3-ம் இருக்கின்றன. அவை விழுந்த கணமே தொடர்வினை நின்றுவிடும். ஆனால் பிளவில் பிறந்த தனிமங்கள் சிதைந்துகொண்டே இருப்பதால் வெப்பம் நிற்காது. நின்ற நொடியில் முழுத் திறனில் 6, 7 சதவீதம், அதாவது 80 மெகாவாட் அளவு. ஒரு மணி நேரம் கழித்துச் சுமார் 18. ஒரு நாள் கழித்தும் 6, 7 மெகாவாட். இதை வெளியேற்றத் தலா 8 மெகாவாட் திறனுள்ள நான்கு தனிச் சோடியச் சுற்றுகள். கீழே சூடான சோடியம் மேலே ஏறும், உயரத்தில் உள்ள காற்றுக் குளிர்விப்பானில் ஆறிக் கீழே இறங்கும். பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஒரு கவலை மட்டும்: தேவையில்லாத நேரத்தில் காற்றுக் கதவு அகலத் திறந்துவிட்டால் குழாயிலேயே சோடியம் உறைந்து அடைத்துக்கொள்ளும். முழுக்க மூடி வைத்தால் அவசரத்தில் ஓட்டம் பிடிக்கத் தாமதமாகும். அதனால் எப்போதும் ஒரு கீற்று திறந்தே வைத்திருப்பார்கள்.

நான்காம் நாள்: தரங்கம்பாடி – காரைக்கால் – நாகப்பட்டினம்

மயிலாடுதுறையிலிருந்து கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே. நாகையில் 2004 டிசம்பர் 26 பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். அதே அலை கல்பாக்கத்தில், கட்டத் தொடங்கிச் சில வாரமே ஆன ஈனுலையின் அடித்தளக் குழியை நிரப்பியது. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த சென்னை அணுமின் நிலையத்தின் உலை, கடல்நீர்ப் பம்பு அறைக்குள் தண்ணீர் புகுந்ததும் பத்திரமாக நிறுத்தப்பட்டது. சில நாளில் மறுபடி ஓடியது. ஈனுலைக்கு அடித்தள வேலையை மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. 2010-ல் முடிப்பதாக இருந்த உலை. 3,492 கோடி ரூபாய் என்று தொடங்கியது 5,677 கோடியாகி அதற்கும் மேலே போனது. கருவில் கட்டுகளை ஏற்றும் வேலை தொடங்கியதைப் பிரதமர் நேரில் பார்த்தது 2024 மார்ச் 4-ல். இந்தத் தாமதத்தைச் சுனாமி கணக்கில் எழுத முடியாது. நாளைக்குப் பார்க்கப்போகும் திரவத்தின் கணக்கில்தான் பெரும்பகுதி.

பணத்தைப் பற்றி இன்றே முடித்துவிடலாம். 1950-களில் யுரேனியம் அரிய பொருள் என்றே எல்லோரும் நம்பினார்கள். அப்புறம் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வேண்டிய மட்டும் கிடைத்தது. 1979-ல் திரீ மைல் ஐலண்ட், 1986-ல் செர்னோபில் என்று உலை விபத்துகள் வந்தபின் புது அணுமின் நிலையங்களும் குறைந்தன. யுரேனியம் மலிவாகவே இருந்தது. அணுமின்சாரத்தின் விலையில் பெரும்பங்கு கட்டுமானக் கடனுக்கான வட்டியும் அசலும்தான். யுரேனியத் தாதுவின் பங்கு மிகச் சிறியது. அந்தச் சிறியதை மிச்சம் பிடிக்க, ஏற்கெனவே பெரிதாயிருக்கும் கட்டுமானச் செலவை இன்னும் ஏற்றுவது என்றால் எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கூடவே புளுட்டோனியத்தின் இன்னொரு முகம். போர்வையில் பிறப்பது வெடிகுண்டுக்கு ஏற்ற தரத்தில் இருக்கும். அமெரிக்க அதிபர் கார்ட்டர் 1977-ல் வணிக மறுசுழற்சியை நிறுத்தினார். அங்கே திட்டமிட்ட கிளிஞ்ச் ரிவர் ஈனுலைக்கு 1983-ல் அமெரிக்க நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தியது. ஜெர்மனி கால்கரில் உலையைக் கட்டி முடித்து, ஓட்டாமலே 1991-ல் கைவிட்டது. அந்த வளாகத்தில் இப்போது ராட்டினம் சுற்றுகிறது. பிரான்சின் சூப்பர்ஃபீனிக்ஸ் 1,200 மெகாவாட், உலகிலேயே பெரியது. எரிபொருள் வைப்புத் தொட்டியில் சோடியக் கசிவு, பனி பாரத்தில் டர்பைன் கூடத்தின் கூரை இடிந்தது, வழக்கு, போராட்டம் என்று மின்சாரம் தந்ததைவிட நின்ற நாளே அதிகமாகி, 1997-ல் மூட முடிவெடுத்தார்கள். இந்தியா தன் இரண்டு ஈனுலைகளையும் பன்னாட்டுக் கண்காணிப்புக்கு வெளியே வைத்ததும் இந்தப் புளுட்டோனியப் பேச்சோடு சேர்ந்ததுதான்.

இந்தியாவுக்குத் தனிக் காரணம் இருந்தது. நம் யுரேனியத் தாது சத்துக் குறைந்தது, அளவும் கொஞ்சம். தோரியமோ மணவாளக்குறிச்சி முதல் சவரா வரை கடற்கரை மணலில் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் தோரியம் தானாக எரியாது. அதை யுரேனியம்-233 ஆக்க நியூட்ரான் வேண்டும், அதற்கு முன் புளுட்டோனியம் சேர வேண்டும். ஹோமி பாபா வகுத்த மூன்று படிகளில் ஈனுலை நடுப்படி. 1974 பொக்ரானுக்குப் பின் கல்பாக்கத்துச் சோதனை ஈனுலைக்குப் பிரான்சிலிருந்து வர வேண்டிய செறிவூட்டிய யுரேனியம் வரவில்லை. கையில் இருந்ததை வைத்து 70 சதவீதம் புளுட்டோனியம் கார்பைடு, 30 சதவீதம் யுரேனியம் கார்பைடு கலந்து புது எரிபொருள் செய்தார்கள். 1985 அக்டோபரில் உலை தொடர்வினைக்கு வந்தது. கார்பைடு காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும். ஆர்கான் நிரம்பிய பெட்டிக்குள்தான் எல்லா வேலையும். 2008-க்குப் பிறகு வெளியிலிருந்து யுரேனியம் வாங்க வழி திறந்துவிட்டது. அவசரம் குறைந்தது உண்மை. தேவை போய்விட்டது என்று சொல்ல முடியாது.

ஐந்தாம் நாள்: வேளாங்கண்ணி – வேதாரண்யம் – அகஸ்தியம்பள்ளி

நாகையிலிருந்து வேளாங்கண்ணி, திருப்பூண்டி வழியாக வேதாரண்யம். 1930-ல் ராஜாஜியின் உப்புச் சத்தியாகிரகம் வந்து முடிந்தது இங்கே. அகஸ்தியம்பள்ளியில் நினைவுத்தூண் இருக்கிறது. உப்பளத்தைக் காலையிலேயே பாருங்கள். பத்து மணிக்கு மேல் வெளிச்சம் கண்ணைக் கூசும்.

உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் பூமே மானியில் கடல்நீர் 3 டிகிரி சொச்சம் காட்டும். பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவிட்டு 24, 25 டிகிரிக்கு வந்ததும் கடைசிப் பாத்திக்கு விடுகிறார்கள். மேலே மெல்லிய ஏடு படரும், அடியில் படிகம் கட்டும், பலகையால் வாரிக் கரையில் குவிப்பார்கள். 29 டிகிரியைத் தாண்டவிட்டால் மெக்னீசியம் உப்பு சேர்ந்து கசக்கும். அதற்கு முன்னே மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும்.

இந்த உப்பில் எடைக்கு 39 சதவீதம் சோடியம். உப்போடு கால்சியம் குளோரைடு சேர்த்தால் உருகுநிலை 801-லிருந்து 600 டிகிரி அளவுக்கு இறங்கும். உருகியதில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளோரின், ஒரு பக்கம் சோடியம். கல்பாக்கத்து முன்மாதிரி உலைக்கு வேண்டிய சோடியம் மொத்தம் சுமார் 1,750 டன். உப்புக் கணக்கில் 4,450 டன்.

சோடியத்தின் நல்ல குணங்கள் உண்மையிலேயே நல்லவை. 98 டிகிரியில் உருகும், 883 டிகிரியில்தான் கொதிக்கும். கருவுக்குள் 397 டிகிரியில் நுழைந்து 547-ல் வெளிவருகிறது. கொதிநிலைக்கு இன்னும் 300 டிகிரிக்கு மேல் இடமிருக்கிறது. ஆகவே அழுத்தம் ஏற்ற வேண்டியதில்லை. நீர் உலையில் 150 வளிமண்டல அழுத்தம் தாங்கும் தடித்த கலம் வேண்டும், இங்கே 12.9 மீட்டர் விட்டமுள்ள கலத்தின் சுவர் சில செ.மீ. தடிமன் போதும். எஃகை அரிக்காது. வெப்பத்தைப் பிரமாதமாகக் கடத்தும்.

கெட்ட குணங்கள் மூன்று: உறையும், கண்ணுக்குத் தெரியவிடாது, காற்றிலும் நீரிலும் எரியும்.

உறையாமலிருக்க ஒவ்வொரு குழாயிலும் வால்விலும் மின் சூடேற்றிக் கம்பி சுற்றி, மேலே காப்புப் போர்த்தி, சோடியம் விடுவதற்கு முன்பே 150 டிகிரிக்கு மேல் ஏற்றியிருக்க வேண்டும். ஒரு முழங்கை வளைவில் கம்பி செத்துப்போனால் அங்கே கட்டிதட்டும். அவசரப்பட்டு நடுவில் சூடேற்றினால் உருகி விரியும் சோடியத்துக்குப் போக வழியில்லாமல் குழாய் பிளக்கும். திறந்திருக்கும் முனையிலிருந்துதான் உருக்கிக்கொண்டு வர வேண்டும். ஆக்சிஜன் கொஞ்சம் சேர்ந்தாலும் ஆக்சைடு மெல்லிய வழிகளை அடைக்கும். அதனால் சிறு பங்கைத் தொடர்ந்து திருப்பிவிட்டு 120 டிகிரிக்கு அருகே ஆறவைக்கிறார்கள். அழுக்கு கம்பி வலையில் படிந்துவிடும், சுத்தமான சோடியம் திரும்பும்.

கண்ணுக்குத் தெரியாமை என்பதைக் குறைவாக எடைபோடக் கூடாது. நீர் உலையில் மூடியைத் திறந்து, தண்ணீருக்குள் விளக்கடித்து, எரிபொருளைப் பார்த்துக்கொண்டே மாற்றலாம். இங்கே மேலே ஆர்கான், கீழே வெள்ளிக் குழம்பு. கோணத்தை எண்ணிச் சுழலும் மூடியைத் திருப்பித்தான் எடுக்க வேண்டும். 1987-ல் கல்பாக்கத்துச் சோதனை உலையில், ஒரு கட்டு முழுதாக மேலே வராத நிலையில் மூடி சுழன்றது. கட்டு வளைந்தது, பக்கத்துத் தலைகள் வளைந்தன, வழிகாட்டிக் குழாயும் வளைந்தது. சரிசெய்து மறுபடி ஓட்ட இரண்டு ஆண்டு பிடித்தது. சோடியத்துக்குள் மீயொலி அனுப்பித் தடவிப் பார்க்கும் கருவிகள் வளர்ந்தது இந்த மாதிரி அடிகள் வாங்கித்தான்.

தீ. சோடியத் தீயில் சுவாலை குட்டை, புகை வெள்ளையாக அடர்த்தி. மூக்கில் ஏறினால் காரம் எரிக்கும். தண்ணீர், நுரை, கார்பன் டை ஆக்சைடு எதுவும் கூடாது. உலர்ந்த பொடி மட்டும். குழாய்க்குக் கீழே சரிவான மூடியுள்ள தட்டுகள். ஒழுகுவது ஓட்டை வழியே உள்ளே இறங்கி, காற்றில்லாமல் தானே அணையும். கான்கிரீட்டிலும் நீர் இருக்கிறது என்பதை மறந்துவிடுவார்கள். அதன் மேல் சோடியம் நேரே பட்டால் வெடித்துச் சிதறும். அதனால் தரையெல்லாம் எஃகுத் தகடு.

எல்லாவற்றிலும் கடினமான இடம் நீராவி உற்பத்திக் கலம். கருவைத் தொட்ட சோடியம் கதிரியக்கம் ஏறியது, 15 மணி நேர அரை ஆயுள். அது நீரை நெருங்கக்கூடாது என்பதற்காக நடுவில் இரண்டாம் சோடியச் சுற்று ஒன்று வைக்கிறார்கள். செலவு ஏறுவது இங்கே. அந்தச் சோடியத்துக்கும் 170 வளிமண்டல அழுத்த நீராவிக்கும் இடையில் நிற்பது 2.3 மி.மீ. எஃகுச் சுவர். கல்பாக்கத்து முன்மாதிரி உலையில் கலம் ஒன்றுக்கு 547 குழாய், ஒவ்வொன்றும் நடுவில் பற்றவைப்பே இல்லாமல் 23 மீட்டர் நீளம். எட்டுக் கலம். குழாய்க்கு இரு முனையிலும் ஒரு பற்றவைப்பு என்றால் 8,752 பற்றவைப்பு. ஒன்றில் ஊசித்துளை விழுந்தால் நீராவி சோடியத்துக்குள் பீறிட்டு, காரமும் ஹைட்ரஜனும் உண்டாகி, அந்தச் சூடான பீச்சு பக்கத்துக் குழாயை அரித்துத் துளைக்கும், அது அடுத்ததை. பிரிட்டனின் டவுன்ரே உலையில் 1987-ல் சில நொடிகளில் 40 குழாய் போனது. இதைத் தொடக்கத்திலேயே பிடிக்க, மெல்லிய நிக்கல் சவ்வு வழியே ஊடுருவும் ஹைட்ரஜனை இடைவிடாமல் அளக்கிறார்கள். தவறினால், உடைந்து வழிவிடும் தகடுகள்.

ரஷ்யாவின் பிஎன்-600 ஈனுலை மட்டும் 1980-லிருந்து இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் கசிவு இல்லாமல் இல்லை. 1997 வரை 27 சோடியக் கசிவு, அவற்றில் 14 தீயாக மாறின. ஆனால் அங்கே நீராவிக் கலத்தைப் பல சிறு துண்டுகளாகப் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரு துண்டில் துளை விழுந்தால் அதை மட்டும் வால்வு மூடித் தனியே எடுத்துவிட்டு, மற்றவற்றை வைத்து உலையை ஓட்டிக்கொண்டே பழுது பார்க்கலாம். இரும்பு அதிகம், வால்வு அதிகம், இடம் அதிகம். வடிவமைப்பாளர் பலருக்கு இது பிடிக்காது, காகிதத்தில் விலை கூடுகிறதே என்பார்கள். கல்பாக்கத்து உலையில் இரு சுற்று, சுற்றுக்கு நான்கு பெரிய கலம். ஒன்று கசிந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்த நான்கில் ஒன்றைத் தனிப்படுத்துவதே வழி. அடுத்து வரும் உலைகளில் குழாய் நீளத்தைக் கூட்டிப் பற்றவைப்பு எண்ணிக்கையைக் குறைக்கப் பார்க்கிறார்கள்.